தன் மூச்சே எதிரி

காலில் மாவுக்கட்டு. கையில் டாக்டர் சர்ட்டிபிகேட்.

பில் பெட்ஃபோர்டு அன்றைக்கு லீவு போட்டிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. ஜெர்மனிக்குப் போன இடத்தில் கார் விபத்து. கணுக்காலில் முறிவு. ஆனால் மனிதர், ஹாக்கர் விமானக் கம்பெனியின் தலைமை டெஸ்ட் பைலட். மூன்று வருஷமாகக் கம்பெனி பொத்திப்பொத்தி வளர்த்த குழந்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தரையை விட்டு எழும்பப் போகிறது. அதை இன்னொருத்தர் கையில் கொடுக்க மனசு வருமா? டாக்டரைப் பிடித்தார். கட்டிப்போட்ட விமானத்தில் மிதப்பதற்கு மட்டும் இவர் தகுதியானவர் என்று டாக்டரும் ஒரு விசித்திரமான சான்றிதழை எழுதிக் கொடுத்தார்.

1960, அக்டோபர் 21. இங்கிலாந்தில் டன்ஸ்ஃபோல்டு விமானத்தளம்.

விமானத்தின் பெயர் பி.1127. கொஞ்சம் குண்டான உடம்பு. இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி பெரிய காற்று வாசல்கள். விலாவில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாக நான்கு குழாய்கள். ஜெட் என்ஜின் கக்குகிற காற்று அந்த நான்கு வழியாகத்தான் வெளியே வரும். குழாய்களைப் பின்னால் திருப்பினால் விமானம் முன்னால் பாயும். தரையைப் பார்த்துத் திருப்பினால் நேர் செங்குத்தாக மேலே. தத்துவம் அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் புகைப்படங்களில் எல்லோரும் விமானத்தைப் பார்ப்பார்கள். நாம் கொஞ்சம் கீழே பார்ப்போம். அது நின்றுகொண்டிருந்தது சாதாரண கான்கிரீட் தரை இல்லை. பள்ளம் தோண்டி, அதன்மேல் இரும்புக் கிராதி போட்டு, கிராதியின்மேல் நிறுத்தியிருந்தார்கள். தெருவோர மழைநீர்க் கால்வாய்க்கு மூடி போடுவார்களே, அந்த மாதிரி. ஆனால் ரொம்பப் பெரிசு.

எழும்பப் போகிற விமானத்துக்கு எதற்குப் பள்ளம்?

தரையைக் கண்டு பயம். வேறொன்றுமில்லை.

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்க்கலாம். மொட்டை மாடியில் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு, நேராகத் தரையைப் பார்த்துப் பீய்ச்சுங்கள். தண்ணீர் தரையில் மோதி, வட்டமாக நாலாபக்கமும் மெல்லிய தகடு மாதிரி ஓடும். ஜெட் காற்றும் அப்படித்தான். ஓடுகிறபோது சும்மா ஓடாது. பக்கத்தில் இருக்கிற காற்றையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். எக்ஸ்பிரஸ் ரயில் நிற்காமல் போகும்போது பிளாட்பாரத்துக் குப்பையெல்லாம் அதன் பின்னாலேயே பறக்குமே, அதே கதை. இழுபட்டுப் போகிற காற்று எங்கே இருந்த காற்று? விமானத்தின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் இருந்தது. அங்கே காற்று குறைந்தால் அழுத்தம் குறையும். மேலே முதுகில் வழக்கமான அழுத்தம் அப்படியே இருக்கிறது. விளைவு? தரை, விமானத்தைக் கீழ்நோக்கி உறிஞ்சுகிறது. என்ஜின் மேலே தள்ளத் தள்ள, அதே என்ஜினின் மூச்சு விமானத்தைக் கீழே இழுக்கிறது.

இது முதல் சங்கடம்.

இரண்டாவதைப் பார்க்க இன்னொரு குழாய் வேண்டும். இரண்டையும் ஒரு முழம் இடைவெளியில் வைத்துத் தரையில் பீய்ச்சுங்கள். இரண்டு தண்ணீர்த் தகடுகளும் ஓடிவந்து நடுவில் முட்டிக்கொள்ளும். போக வழி கிடையாது. அப்படியே மேலே எழும்பும். விசிறி விரித்த மாதிரி ஒரு ஊற்று. நான்கு ஜெட் வைத்த விமானத்தின் வயிற்றுக்கு நேர் கீழே இந்த ஊற்று எழும்புகிறது. தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. இது என்ஜினுக்குள் வெந்து வந்த காற்று. மேலே எழும்பி, வயிற்றில் மோதி, பக்கவாட்டில் வழிந்து, நேராக எங்கே போகும் தெரியுமா? அந்த யானைக் காதுகளுக்குள்.

ஜெட் என்ஜினுக்குச் சுத்தமான, குளிர்ந்த காற்றுதான் சாப்பாடு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. சில டிகிரி சூடு ஏறினாலே உந்துவிசை சட்டென்று இறங்கும். ரொம்ப ஏறினால் என்ஜின் விக்கும். ஒரு வெடிச்சத்தம், ஒரு குலுக்கல், கணநேரத்துக்குச் சக்தியே இல்லை. முப்பதாயிரம் அடியில் இது நடந்தால் பைலட் சமாளித்துக்கொள்வார். இருபது அடி உயரத்தில், றெக்கையில் ஒரு பிடிமானமும் இல்லாமல், என்ஜினை மட்டும் நம்பித் தொங்குகிறபோது நடந்தால்?

டன்ஸ்ஃபோல்டு பள்ளம் அதற்குத்தான். மூச்சு கிராதி வழியாகக் கீழே போய், வேறு வழியாக வெளியேறிவிடும். திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்காது.

சரி, ஓடுபாதையில் ஒழுங்காக ஓடிப் பறந்துகொண்டிருந்த விமானங்களுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்கலாம். ஓடுபாதைதான் பிரச்னையே. கோடிக்கணக்கில் செலவழித்து விமானப்படையைக் கட்டி வைத்திருப்பீர்கள். எதிரி வந்து ஓடுபாதையில் நான்கு குண்டு போட்டுவிட்டுப் போனால் அத்தனையும் பொம்மை. 1950களில் ஐரோப்பா முழுக்க இந்தப் பயம். வீண் பயமில்லை என்பதை 1967 ஜூன் 5-ம் தேதி காலையில் எகிப்து தெரிந்துகொண்டது. இஸ்ரேல் விமானங்கள் முதல் வேலையாக ஓடுபாதைகளைக் குதறின. எழும்ப முடியாமல் நின்ற எகிப்து விமானங்களைப் பிறகு நிதானமாகக் கொளுத்தின.

ஆகவே எல்லோரும் முயற்சி செய்தார்கள். ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனி, இரண்டு ஜெட் என்ஜின்களை ஒரு இரும்புச் சட்டத்தில் படுக்க வைத்து, மேலே ஒரு நாற்காலி போட்டு, ஆளை உட்காரவைத்து மிதக்கவிட்டது. 1954 ஆகஸ்டில் அது கட்டில்லாமல் பறந்தது. றெக்கை கிடையாது, வால் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பறக்கும் கட்டில்'. இரண்டாவதாகச் செய்த கட்டில் 1957 நவம்பரில் விழுந்து ஒரு விங் கமாண்டர் செத்துப்போனார். ஷார்ட்ஸ் கம்பெனி ஐந்து என்ஜின் வைத்துப் பார்த்தது. பிரான்சின் பால்சாக், ஒன்பது என்ஜின். இரண்டு முறை விழுந்து இரண்டு பைலட்டுகளைக் காவு வாங்கியது. ஜெர்மனியின் டோர்னியர் பத்து என்ஜினோடு வந்தது. பத்து! ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மட்டும் எட்டு. மீதி நேரமெல்லாம் அந்த எட்டும் வெறும் சுமை. கல்யாணத்துக்கு ஒருநாள் தேவைப்படுகிற அண்டாவை வருஷம் பூராவும் தலையில் தூக்கிக்கொண்டு அலைகிற மாதிரி.

ஒரே என்ஜின், திரும்புகிற குழாய்கள் என்கிற யோசனைக்கு மூலவர் மிஷேல் விபோ என்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய வரைபடத்தை பாரிசில் இருந்த நேட்டோ ஆயுத உதவி அலுவலகத்து அமெரிக்கர்கள் பார்த்தார்கள். பிரிஸ்டல் என்ஜின் கம்பெனியின் ஸ்டான்லி ஹூக்கருக்கு அனுப்பினார்கள். ஹூக்கரின் ஆள் கார்டன் லூயிஸ் அதை உருமாற்றி, பெகாசஸ் என்ஜினாக வளர்த்தார். ஹாக்கர் கம்பெனியின் ரால்ஃப் ஹூப்பர் என்ற இளைஞர் அந்த என்ஜினைச் சுற்றி ஒரு விமானத்தை வரைந்தார். அதுதான் பி.1127. அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் அரசாங்கம், இனிமேல் ஏவுகணைக் காலம், போர் விமானத்துக்கெல்லாம் காசு கிடையாது என்று கையை விரித்திருந்தது. என்ஜின் செலவில் முக்கால் பங்கு அமெரிக்கப் பணம். விமானத்துக்கு ஹாக்கரின் சொந்தக் காசு.

மறுபடி டன்ஸ்ஃபோல்டுக்கு வருவோம்.

பெகாசஸின் அன்றைய உந்துவிசை சுமார் 11,000 பவுண்டு. விமானத்தின் எடை அதற்குக் கொஞ்சம்தான் கீழே. அதனால் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டார்கள். ரேடியோ உட்பட. எரிபொருளும் சில நிமிஷங்களுக்குத்தான். மாவுக்கட்டுக் காலோடு பெட்ஃபோர்டு ஏறி உட்கார்ந்தார். தறிகெட்டுப் போய்விடாதபடி விமானத்தைக் கயிறுகளால் கிராதியோடு பிணைத்திருந்தார்கள். என்ஜின் அலறியது. எழும்பியது. எழும்பியது என்றால் எவ்வளவு? சில அங்குலம். கயிறு இழுக்க, விமானம் திமிற, அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிற ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி ஆடியது. பாதுகாப்புக்குக் கட்டிய கயிறே பாதித் தொந்தரவு என்பது சில நாளில் புரிந்துபோனது. நவம்பர் 19-ம் தேதி கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். சமர்த்தாக நின்று மிதந்தது.

அப்புறம் வேகம்தான். 1961 மார்ச்சில் ஓடுபாதையில் ஓடிப் பறந்தது. அந்த செப்டம்பரில், செங்குத்தாக எழும்பி, றெக்கையில் பறந்து, திரும்பி வந்து செங்குத்தாக இறங்குகிற முழு வித்தையும் முடிந்தது. 1963 பிப்ரவரியில் பெட்ஃபோர்டே அதை ஆர்க் ராயல் என்ற கப்பலின் தளத்தில் கொண்டுபோய் இறக்கினார். அதே வருஷம் ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சி. லட்சக்கணக்கான ஜனம் பார்க்க, குழாய்களைத் திருப்புகிற மோட்டாரில் ஒரு துளி அழுக்கு மாட்டிக்கொண்டு, விமானம் பொத்தென்று விழுந்தது. பெட்ஃபோர்டுக்கு ஒரு சிராய்ப்பு இல்லை. மானம்தான் போச்சு. விழுந்த அதே விமானம் ரிப்பேராகி மறுபடி பறந்தது. இன்றைக்கு லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் தொங்குகிறது.

1969 ஏப்ரலில் அதன் வாரிசு ஹாரியர் என்ற பெயரில் பிரிட்டிஷ் விமானப்படைக்குள் வந்தது. போர்க்களத்தில் யாரும் கிராதி போட்டுத் தரமாட்டார்கள் இல்லையா? எனவே பைலட்டுகளுக்கு ஒரு பாடத்தை மண்டையில் ஏற்றினார்கள். தரைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காதே. இறங்குவது என்று முடிவு செய்தால் இறங்கிவிடு. சக்கரம் தொட்டதும் அடுத்த நொடி என்ஜினை அமர்த்து. மென்மையாக இறக்குகிறேன் பேர்வழி என்று நாலு அடி உயரத்தில் தயங்கினால், உன் மூச்சே உன்னை வந்து பிடிக்கும். சாதாரண விமானத்தில் பூப்போல இறக்குகிறவன்தான் கெட்டிக்காரன். இதில் பொத்தென்று போடுகிறவன்.

பக்கவாட்டுக் காற்றும் ஒரு யமன். ஹாரியர் மெதுவாகப் போகும்போது என்ஜின் விழுங்குகிற ஏராளமான காற்று, மூக்கை ஒரு பக்கமாகத் திருப்பிவிடப் பார்க்கும். ஒரு அளவுக்கு மேல் திரும்பினால், காற்றை வாங்குகிற றெக்கை மேலே எகிறி விமானம் புரளும். புரள ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. 1969 ஜனவரியில், பழகிப் பார்க்க வந்த அமெரிக்க விமானப்படை மேஜர் ஒருவர் டன்ஸ்ஃபோல்டில் இப்படித்தான் இறந்தார். நாற்காலியோடு வெளியே பாய்ந்தும் பிழைக்கவில்லை. ஹாரியரின் முன்கண்ணாடிக்கு எதிரே, மூக்கின்மேல், ஒரு சின்னக் காற்றுகாட்டி இருக்கும். படம் கிடைத்தால் தேடிப் பாருங்கள். கோழி பொம்மை இல்லாத குறைதான். அத்தனை கோடி ரூபாய் எந்திரத்தில் பைலட் உயிரைக் காப்பது, காற்றில் ஆடுகிற அந்தத் துண்டுத் தகடு. அது நேராக இருக்கிறவரைக்கும் நீங்கள் பிழைத்தீர்கள்.

இந்த இடத்தில் நம் நாடு உள்ளே வருகிறது. 1972-ல் ஜான் ஃபார்லி என்ற பைலட் ஒரு ஹாரியரைக் கொண்டுவந்து நம் ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலில் இறக்கிக் காட்டினார். 1983 டிசம்பரில் நம் கடற்படையின் சீ ஹாரியர் விக்ராந்தில் இறங்கியது. 1987-ல் விராட் வந்து சேர்ந்தது. இந்தியப் பெருங்கடல் என்றால் வெயில். வெயில் என்றால் காற்று ஏற்கெனவே சூடு. அதோடு தன் மூச்சின் சூடும் சேர்ந்தால்? அதற்கு ஹாரியரில் ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார்கள். தண்ணீர்! இறங்குகிற நேரத்தில் பெகாசஸ் என்ஜினுக்குள் தண்ணீரைப் பீய்ச்சிச் சூட்டைத் தணிப்பார்கள். தொட்டியில் இருப்பது இருநூற்றுச் சொச்சம் லிட்டர். அது தாங்குவது சுமார் ஒன்றரை நிமிஷம். அதற்குள் இறங்கிவிட வேண்டும்.

இந்தச் சூடுதான் கடைசியில் பிரிட்டிஷ் சீ ஹாரியர்களின் கணக்கையும் முடித்தது. 1982 ஃபாக்லாந்து யுத்தத்தில் வான் சண்டையில் ஒன்றைக்கூட இழக்காத விமானம் அது. ஆனால் வெயில் நாடுகளில், போட்டுத் தீர்க்காத குண்டுகளோடும் ஏவுகணைகளோடும் திரும்பி வந்து செங்குத்தாக இறங்க முடியவில்லை. எடை தாங்கவில்லை. லட்சக்கணக்கில் விலையுள்ள ஏவுகணையைக் கடலில் போட்டுவிட்டா வந்து இறங்குவது? 2006-ல் அவற்றுக்கு ஓய்வு கொடுத்தபோது பிரிட்டன் சொன்ன காரணங்களில் இது முக்கியமானது. நம் கடற்படை பத்து வருஷம் கூடுதலாக ஓட்டியது. 2016 மே மாதம் கோவாவில் பிரியாவிடை.

சரி, மூச்சே எதிரி என்றால் அதை வழிக்குக் கொண்டுவர யாராலும் முடியவில்லையா?

முடிந்தது. அதுவும் ரொம்ப மலிவாக. 1970களில் அமெரிக்காவின் மெக்டொனல் டக்ளஸ் கம்பெனி ஹாரியரைத் திருத்தி இரண்டாம் தலைமுறையைச் செய்தது. அவர்கள் அந்த ஊற்றைக் கவனித்தார்கள். மேலே எழும்பி வயிற்றில் மோதுகிற காற்று பக்கவாட்டில் வழிந்தால்தானே காது வழியாக உள்ளே போகும்? வழியவிடாமல் செய்தால்? விமானத்தின் வயிற்றில் இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் இரண்டு தட்டிகள். முன்பக்கம் குறுக்கே ஒரு மடக்குத் தட்டி. இறங்கும்போது மட்டும் விரியும். வயிற்றில் தட்டு ஒன்றைக் கவிழ்த்து ஒட்டிய மாதிரி ஆகிவிட்டது. எழும்பி வந்த ஊற்று அந்தத் தட்டுக்குள் மாட்டிக்கொண்டது. வெளியே போக வழியில்லாமல் கீழ்நோக்கியே திரும்பியது. திரும்பும்போது விமானத்தை மேலே தள்ளியது.

அதாவது, கழுத்தைப் பிடிக்க வந்த காற்றைக் கொண்டே முதுகு தாங்கச் செய்துவிட்டார்கள். கூடுதலாகக் கிடைத்த தூக்குவிசை ஆயிரம் பவுண்டுக்கு மேல். ஏறத்தாழ ஒரு பெரிய குண்டின் எடை. சூடான காற்று என்ஜினுக்குள் போவதும் குறைந்தது. சில தகடுகள், ஒரு கீல். என்னைக் கேட்டால், புதிய ஹாரியரின் ஆகப்பெரிய கண்டுபிடிப்பு இதுதான். ஆனால் விளம்பரப் படங்களில் வயிற்றை யார் காட்டுகிறார்கள்?

ஏறக்குறைய அதே வருஷங்களில், அதே அமெரிக்காவில், காற்றைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்த இன்னொரு விமானமும் இருந்தது. ராக்வெல் கம்பெனியின் எக்ஸ்.எஃப்.வி.-12ஏ.

ராக்வெல்காரர்களின் யோசனை காகிதத்தில் அற்புதமாக இருந்தது. நம் வீட்டு கேஸ் அடுப்பைப் பாருங்கள். சின்ன ஓட்டை வழியாகச் சீறி வருகிற கேஸ், பக்கத்துக் காற்றையும் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. ஃபேன் எதுவும் கிடையாது. அதே மாதிரி, என்ஜின் காற்றை றெக்கைக்குள் கொண்டுபோய், ஜன்னல் மாதிரி திறக்கிற இடுக்குகள் வழியாகக் கீழே பீய்ச்சினால், மேலேயிருக்கிற காற்றையும் அது சேர்த்து இழுத்து வரும். ஒரு பங்கு காற்று கொடுத்தால் ஒன்றரைப் பங்கு தூக்குவிசை. ஓசியில் அரைப் பங்கு! ஆய்வுக்கூட மாதிரிகளை வைத்துப் போட்ட கணக்கு, றெக்கையில் 55 சதவீதம் கூடுதல் கிடைக்கும் என்றது.

1978-ல் முழு அளவு விமானத்தைக் கொண்டுபோய் நாசாவின் லாங்லி ஆராய்ச்சி மையத்தில் தொங்கவிட்டார்கள். சந்திரனில் இறங்கப் போகிறவர்கள் பயிற்சி எடுத்த அதே ராட்சத இரும்புச் சாரம். கேபிளில் தொங்குகிற விமானத்தின் என்ஜினை முடுக்கினார்கள். கேபிள் தளர வேண்டும். தளரவில்லை. முழுச் சக்தி. ம்ஹூம். அளந்து பார்த்தால், றெக்கையில் கிடைத்த கூடுதல் 19 சதவீதம். முன் றெக்கையில் வெறும் 6. தன் எடையில் முக்கால்வாசியைத்தான் அதனால் தூக்க முடிந்தது. செங்குத்தாக எழும்பவென்றே செய்த விமானம், ஒருமுறைகூடச் சொந்தமாகத் தரையை விட்டு எழும்பாமல் 1981-ல் மூட்டை கட்டப்பட்டது.

என்ன தப்பு? சின்ன மாதிரியில் காற்றும் காற்றும் நன்றாகக் கலந்தன. பெரிய விமானத்தில் கலக்கவில்லை. வளைந்து நெளிந்து போகிற குழாய்களுக்குள்ளேயே பாதி பலம் செத்துப்போனது. ஒரு படி அரிசிக்குச் சரியாக வந்த தண்ணீர் அளவை அப்படியே நூறு மடங்காக்கிக் கல்யாணச் சமையலுக்கு ஊற்றினால் சோறு என்ன ஆகும் என்று நம் ஊர் சமையல்காரரைக் கேட்டிருக்கலாம்.

ஆனால் அந்தத் தோல்வி வீண் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது. ராக்வெல்லின் கடற்படை விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் பால் பெவிலாக்வா. பிறகு அவர் லாக்ஹீடுக்குப் போனார். அங்கே, 1980களின் கடைசியில், அவர் முன்னால் அதே பழைய கேள்வி வந்து நின்றது. ஒலியைவிட வேகமாகவும் போக வேண்டும், செங்குத்தாகவும் இறங்க வேண்டும். எப்படி?

ஒலியை மிஞ்சுகிற என்ஜினின் மூச்சு நெருப்பு. அதைத் தரையில் ஊதினால் ஊற்றும் நெருப்பாகத்தான் எழும்பும். சோவியத் யாக் விமானங்கள் பட்டபாடு எல்லோருக்கும் தெரியும். யாக்-38க்கு முதுகில் காற்று வாசலைச் சுற்றித் தடுப்புகள் வைத்துப் பார்த்தார்கள், சூடான காற்று உள்ளே போகாமல் இருக்க. விமானம் புரள ஆரம்பித்தால் பைலட்டைக் கேட்காமல் அவரை வெளியே வீசி எறிகிற தானியங்கி நாற்காலியும் அதில் உண்டு. அடுத்து வந்த யாக்-141, 1991 அக்டோபரில் அட்மிரல் கோர்ஷ்கோவ் என்ற கப்பலின் தளத்தில் வேகமாக இறங்கி, டாங்க் உடைந்து, தீப்பிடித்தது. பைலட் பிழைத்தார். திட்டம் பிழைக்கவில்லை. அந்தக் கப்பல்? அதைத்தான் நாம் வாங்கிப் புதுப்பித்து, 2013-ல் ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா என்ற பெயரில் கடற்படையில் சேர்த்தோம்.

பெவிலாக்வாவின் பதில் இது. என்ஜினிலிருந்து நெருப்பை முன்னால் கொண்டுவராதே. சக்தியை மட்டும் கொண்டுவா. என்ஜினிலிருந்து ஒரு நீளத் தண்டு. பைலட்டின் முதுகுக்குப் பின்னால், விமானத்துக்குள் குப்புறப் படுத்த மாதிரி ஒரு ராட்சத மின்விசிறி. மின்சாரம் இல்லை, பழக்கதோஷத்தில் சொல்கிறேன். தண்டு சுழற்றுகிற விசிறி. மேலே மூடி திறக்கும், குளிர்ந்த காற்றை உறிஞ்சிக் கீழே தள்ளும். முன்னால் குளிர்காற்றுத் தூண், பின்னால் நெருப்புத் தூண். நெருப்பு முன்னால் ஓடிவந்து காற்று வாசலுக்குள் நுழையப் பார்த்தால், குளிர்காற்று சுவர் மாதிரி குறுக்கே நிற்கும். தண்டில் பாய்வது 25,000 குதிரைசக்திக்கு மேல். போர் விமானத்துக்குள் இப்படி ஒரு தண்டையும் கிளட்ச்சையும் வைத்தால் உடைந்துவிடாதா என்று கேட்காத ஆள் கிடையாது.

எதிராளி போயிங். அவர்கள் ஹாரியர் வழியிலேயே போனார்கள். ஒரே என்ஜின், காற்றைக் கீழே திருப்பு, முடிந்தது வேலை. எளிமை. தண்டு இல்லை, கிளட்ச் இல்லை. மோவாய்க்குக் கீழே அகலமாக வாய் திறந்துகொண்டு, பார்க்க அழகில்லாத விமானம். எக்ஸ்-32 என்று பெயர். பரிசு என்ன தெரியுமா? அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து வாங்கப்போகிற ஆயிரக்கணக்கான விமானங்கள். அன்றைய மதிப்பில் சுமார் 200 பில்லியன் டாலர். ராணுவ ஒப்பந்தங்களில் அதுவரை அவ்வளவு பெரிசு இருந்ததில்லை.

2001 கோடையில் இரண்டும் மோதின. போயிங், செங்குத்துச் சோதனைகளைக் கடல் மட்டத்தில் இருக்கிற மேரிலாந்துக்குக் கொண்டுபோனது. அங்கேதான் காற்று அடர்த்தி. அப்படியும் எடை குறைய வேண்டும் என்று காற்று வாசலின் உதட்டையும் சக்கரக் கதவுகளையும் கழற்றிவைத்துவிட்டு மிதந்தார்கள். 1960-ல் டன்ஸ்ஃபோல்டில் ரேடியோவைக் கழற்றிய மாதிரி! சூடான காற்று முன்னால் வராமல் தடுக்க, வயிற்றுக்குக் கீழே குளிர்காற்றுத் திரை ஒன்றைப் பீய்ச்சினார்கள். திரை பத்தவில்லை. இறங்கும்போது ஊற்று எழும்பி, மோவாய்க்குக் கீழே திறந்திருந்த வாய்க்குள் நுழைந்தது. என்ஜின் விக்கியது. நாற்பது வருஷமாகத் தெரிந்த அதே வியாதி.

லாக்ஹீடின் எக்ஸ்-35, கலிபோர்னியாவில் பாம்டேல் பாலைவனத்தில் முதல்முறை எழும்பியது. ஜூன் மாத வெயில். கடல் மட்டத்துக்கு மேலே இரண்டாயிரத்துச் சொச்சம் அடி உயரம். ஓட்டியவர் சைமன் ஹார்கிரீவ்ஸ், ஹாரியர் ஓட்டிப் பழகிய பிரிட்டிஷ்காரர். விமானம் எதன்மேல் நின்றது என்று சொல்ல வேண்டுமா? பள்ளம் தோண்டி, மேலே இரும்புக் கிராதி. பெட்ஃபோர்டின் மாவுக்கட்டுக்கு 41 வருஷம் கழித்தும் பயம் தெளியவில்லை.

விசிறி வேலை செய்தது. ஜூலை 20-ம் தேதி, சில நூறு அடி மட்டும் ஓடி எழும்பி, ஒலியை மிஞ்சிப் பறந்து, திரும்பி வந்து செங்குத்தாக இறங்கியது. மூன்றையும் ஒரே பயணத்தில் அதற்கு முன்னால் எந்த விமானமும் செய்ததில்லை. அக்டோபர் 26-ம் தேதி முடிவு அறிவித்தார்கள். லாக்ஹீட். போயிங் தோற்றதற்குக் காரணங்கள் பல உண்டு. இந்த விக்கலும் அதில் ஒன்று என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அந்த எக்ஸ்-35தான் எஃப்-35பி ஆக வளர்ந்தது. 2015-ல் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தது. பிரிட்டிஷ் கப்பல்களிலும் ஏறியது. அதில் ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூன் 14-ம் தேதி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலிலிருந்து கிளம்பி, மோசமான வானிலையில் எரிபொருள் குறைந்து, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவசரமாக வந்து இறங்கியதே, அதேதான். ஹைட்ராலிக் கோளாறு. ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. மழையில் நனைந்தது. கேரள சுற்றுலாத் துறை, ஊர் பிடித்துப்போய் கிளம்ப மனமில்லை என்கிற மாதிரி விளம்பரமே போட்டுக் கிண்டல் செய்தது.

ஜூலை 22-ம் தேதி காலையில் ரிப்பேர் முடிந்து கிளம்பியது. செங்குத்தாக எழும்பும் என்று போன் கேமராவோடு காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். ஆஸ்திரேலியா வரை போக டாங்க்கில் எரிபொருள் வேண்டும். அவ்வளவு எடையோடு நேராக மேலே எழும்ப, அந்த விசிறியாலும் ஆகாது. ஓடுபாதையில் ஓடித்தான் போனது.